பசார் ஹொக்கியன் அளவுக்குப் பைத்தான்

கேள்வி:

அக்கா, எனக்கு 26 வயது. மலேசியாவில், பினாங்குத் தீவுக்கு எதிரே பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். பொலிடெக்னிக்கில் மின்னணுவியல் டிப்ளோமா முடித்துவிட்டு, பிறையில் ஒரு தொழிற்சாலையில் மூன்று வருடமாக டெக்னீஷியன் வேலை. இப்போது தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு கம்பெனியில் சிப்புகளைச் சோதிக்கும் டெஸ்ட் எஞ்சினியர் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். ரெசுமேயை நண்பன் எழுதிக் கொடுத்தான். ‘பைத்தான்: உயர்நிலை’, ‘டெஸ்ட் புரோகிராம் உருவாக்கம்: மூன்று ஆண்டு’, ‘சிக்ஸ் சிக்மா கிரீன் பெல்ட்’ என்றெல்லாம் போட்டிருக்கிறான். உண்மையில் நான் பைத்தான் நிரல்மொழியில் எழுதியது ஒரே ஒரு ஸ்கிரிப்ட். சிப்பை டெஸ்டருக்கு எடுத்துக் கொடுக்கும் இயந்திரமான ஹேண்ட்லர் ஒரு நாளைக்கு எத்தனை தடவை அடைத்துக்கொண்டது என்று எண்ணித் தரும். டெஸ்ட் புரோகிராமில் எஞ்சினியர் சொன்னபடி லிமிட் (பாஸ், ஃபெயில் எல்லை) மாற்றியிருக்கிறேன், அவ்வளவுதான். கிரீன் பெல்ட் என்ற தர மேம்பாட்டுச் சான்றிதழுக்கான வகுப்புக்குப் போனேன், புராஜெக்ட் முடிக்கவில்லை. எச்.ஆர். போனில் கேட்டபோது எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். சம்பளம் 3,500 வெள்ளி (ரிங்கிட்) என்றும் சொன்னேன். அடிப்படை 2,800தான், மீதி ஓ.டி. (கூடுதல் நேரப் பணம்). இந்த வேலைக்கு முன் வேறொரு கம்பெனியில் இரண்டே மாதம் இருந்து நின்றுவிட்டேன், அதை ரெசுமேயில் காட்டவில்லை. வியாழக்கிழமை ஆன்லைனில் டெக்னிக்கல் இன்டர்வியூ. கேள்வியைக் கேட்டுத் திரையில் பதில் காட்டும் ஏஐ செயலி இருக்கிறது, கவலைப்படாதே என்கிறான் நண்பன். எல்லாரும் இப்படித்தானே செய்கிறார்கள்? அதிலும் நம்மவர்கள் உள்ளே நுழைய இரண்டு மடங்கு காட்ட வேண்டியிருக்கிறதே அக்கா. என்ன செய்யட்டும்?

பதில்:

தம்பி, உங்கள் கடிதம் ஞாயிறு இரவு கிடைத்தது. வியாழனுக்குள் செய்ய வேண்டியது இருப்பதால் இந்தப் பதிலை உங்களுக்கு முதலில் தனியாக அனுப்பிவிட்டேன். இதே குழப்பத்தில் இன்னும் பல பேர் இருப்பார்கள் என்பதால் இங்கேயும் போடுகிறேன்.

முதலில் வேலை, அப்புறம் பேச்சு. இன்றைக்கே ரெசுமேயைத் திருத்தி எச்.ஆருக்கு அனுப்பிவிடுங்கள். என்ன எழுதுவது என்று கடைசியில் சொல்கிறேன். அனுப்பினால் இன்டர்வியூவையே ரத்து செய்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கும். செய்யலாம். செய்ய மாட்டார்கள் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. டெஸ்ட் எஞ்சினியர்களை இன்டர்வியூ எடுக்க மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார ஆரம்பித்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஆள் தானாகவே திருத்தி அனுப்பிய ரெசுமே எனக்கு இரண்டே முறை வந்திருக்கிறது. இரண்டு பேரையும் கூப்பிட்டேன். ஒருவரை எடுத்தோம். இன்னொருவருக்கு எங்கள் ஷிஃப்ட் நேரம் ஒத்துவரவில்லை.

உங்கள் நண்பனைத் திட்டலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் எனக்கே ஒரு பழைய கணக்கு இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2003-இல் நான் இரண்டாவது வேலைக்குப் போனேன். கம்பெனியின் பெயர் வேண்டாம். இன்டர்வியூவில், ‘கேஜ் ஆர் அண்ட் ஆர் செய்திருக்கிறாயா?’ என்று கேட்டார்கள். ஒரு அளவைக் கருவியை நம்பலாமா என்று பார்க்கும் சோதனை அது. பத்து உருப்படி, மூன்று ஆள், ஆளுக்கு மூன்று முறை, ஆக 90 அளவு. கருவியும் ஆளும் சேர்ந்து எவ்வளவு ஆடுகிறார்கள் என்று கணக்குப் போடுவது. பழைய கம்பெனியில் ஒரு சீனியர் அதைச் செய்தபோது நான் பக்கத்தில் நின்று பேப்பர் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ‘செய்திருக்கிறேன்’ என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

சேர்ந்த இரண்டாவது வாரம் வாடிக்கையாளர் ஆடிட் வருகிறது என்று அந்த வேலையை என்னிடமே கொடுத்தார்கள். சிப்பின் கால்கள் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று அளக்கும் கருவி. எப்படிச் செய்வது என்று யாரிடமாவது கேட்கலாம். ஆனால் எப்படிக் கேட்பது? நான்தான் ஏற்கெனவே செய்தவள் ஆயிற்றே. ஒரு டிரேயிலிருந்து வரிசையாகப் பத்து உருப்படியை எடுத்தேன், மூன்று பேரை அளக்க வைத்தேன், கணக்குப் போட்டேன். அந்த ஆட்டம் மொத்த வேறுபாட்டில் 10 சதவீதத்துக்குள் வந்தால் கருவி நல்ல கருவி, 30-ஐத் தாண்டினால் உதவாது என்பது எங்கள் துறையின் பொது வழக்கம். எனக்கு 70-க்கு மேல் வந்தது.

மானேஜர் நம்பினார். ஏன் நம்பமாட்டார்? கருவியைக் கழற்றிக் கேலிபிரேஷனுக்கு, அதாவது அளவைச் சரிபார்க்க, அனுப்பினார்கள். இரண்டு நாள் லைன் பழைய முறையில், கையால் அளந்து, இழுத்துக்கொண்டு ஓடியது. கருவி ‘ஒரு குறையும் இல்லை’ என்ற சீட்டோடு திரும்பி வந்தது. எல்லாரும் குழம்பி நின்றபோது, ஓய்வு பெற இருந்த ஒரு மலாய் டெக்னீஷியன் என் பக்கத்தில் வந்து, ‘இந்தப் பத்தையும் எங்கிருந்து எடுத்தாய்?’ என்று மெதுவாகக் கேட்டார். டிரேயைக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தானே போய் வேறு வேறு நாள், வேறு வேறு லாட்டிலிருந்து பத்து உருப்படி பொறுக்கிக்கொண்டு வந்தார். ஒரே டிரேயில் அடுத்தடுத்து இருப்பவை கிட்டத்தட்ட அச்சில் வார்த்த மாதிரி ஒன்றாக இருக்கும். உருப்படிகளுக்குள் வேறுபாடே இல்லாதபோது, இருக்கிற கொஞ்ச ஆட்டமும் கருவியின் தலையில்தான் விழும். புதிய பத்தோடு செய்தபோது 10-க்குக் கீழே வந்தது.

‘தாக் தாவ், சக்காப் தாக் தாவ்-லா’ என்றார் அவர். தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லேன்மா. நான் மானேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. ‘முதல் நாளே கேட்டிருந்தால் அரை நாளில் கற்றுக் கொடுத்திருப்பேனே’ என்றார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு எரிந்திருக்காது. வேலை போகவில்லை. வேலை உறுதிக் கடிதம் மட்டும் மூன்று மாதம் தள்ளிப் போனது.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், ரெசுமேயில் பொய் சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்றுதான் எல்லாரும் பயமுறுத்துவார்கள். மாட்டாமலும் போகலாம். என்னை இன்டர்வியூவில் யாரும் பிடிக்கவில்லை. ஆனால் உள்ளே போனதும் கேள்வி கேட்கும் உரிமை எனக்கு இல்லாமல் போயிற்று. புதிதாகச் சேர்ந்தவனுக்கு முதல் மூன்று மாதம் ஒரு பெரிய சலுகை உண்டு: எவ்வளவு முட்டாள்தனமான கேள்வியும் கேட்கலாம், யாரும் சிரிக்கமாட்டார்கள். ‘பைத்தான்: உயர்நிலை’ என்று போட்டு உள்ளே போகிறவன் அந்தச் சலுகையை வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போகிறான். அப்புறம் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வீட்டில் யூடியூப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

இன்னொன்று, நீங்கள் கேட்டிருப்பது டெஸ்ட் வேலை. நல்ல சிப்பை ஃபெயில் என்று தள்ளினால் ஓவர்கில் என்கிறோம். காசு நஷ்டம்தான், ஆனால் மறுபடி டெஸ்ட் செய்து மீட்டுவிடலாம். கெட்ட சிப்பை பாஸ் என்று அனுப்பிவிட்டால் அது எஸ்கேப். அது எங்கேயோ ஒருவருடைய காருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். டெஸ்ட் எஞ்சினியரின் மொத்த வேலையும் எஸ்கேப் ஆகாமல் பார்ப்பதுதான். அதனால் எங்கள் மாதிரி ஆட்கள் இன்டர்வியூவில் கொஞ்சம் கொடுமையாகவே இருப்போம். கெட்ட செய்தியை இந்தப் பையன் வந்து சொல்வானா மாட்டானா என்பதுதான் மனசுக்குள் ஓடும்.

நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்றைச் சொல்கிறேன். (இனிமேல் மாற்றிக்கொள்ள வேண்டும்.) ஒரே வகைச் சிப்பை மூன்று டெஸ்டரில் ஓட்டுகிறோம். இரண்டில் யீல்ட், அதாவது பாஸ் ஆகும் சிப்புகள், 98 சதவீதம். மூன்றாவதில் நேற்று ராத்திரி ஷிஃப்டிலிருந்து 91. காலையில் நீங்கள் உள்ளே வருகிறீர்கள். என்ன செய்வீர்கள்?

ஒரு பையன் அழகான இங்கிலீஷில், எட்டு படி முறை, மீன்முள் படம், ஐந்து முறை ஏன் என்று கேட்பது என, காரணம் தேடும் பாடப்புத்தக முறைகள் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னான். ‘சரி தம்பி, முதலில் எந்த இடத்துக்கு நடந்து போவீர்கள்?’ என்று கேட்டேன். முழித்தான். அதே வாரம் வந்த ஒரு பெண் பதிலே சொல்லவில்லை, திருப்பிக் கேள்வி கேட்டாள். ‘ஃபெயில் எல்லாம் ஒரே சோதனையில் விழுகிறதா, பரவலாக விழுகிறதா?’ முக்கால்வாசி ஓப்பன், அதாவது தொடர்பு இல்லாமை என்றேன். ‘அப்படியென்றால் ஃபெயில் ஆனதை அப்படியே மறுபடி ஓட்டுவேன். பாஸ் ஆகிவிட்டால் சிப் உட்காரும் சாக்கெட்டில்தான் சந்தேகம், அழுக்கு பிடித்திருக்கும், துடைத்துப் பார்ப்பேன். தீரவில்லையென்றால் பக்கத்து டெஸ்டரின் லோட் போர்டை, அதாவது சிப்பை டெஸ்டரோடு இணைக்கும் பலகையை, இதில் மாட்டுவேன். பிரச்சினை போர்டோடு போகிறதா, டெஸ்டரிலேயே நிற்கிறதா என்று தெரிந்துவிடும்.’ சரி, ஆர்.எஃப். (ரேடியோ அலை) கேலிபிரேஷன் செய்வது எப்படி என்று கேட்டேன். ‘தெரியாது மேடம். எங்கள் லைனில் அதை வெண்டர்தான் செய்வார். நான் தொட்டதில்லை.’ அந்தத் ‘தெரியாது’ வந்த பிறகு, அதற்கு முன் அவள் சொன்ன எல்லாவற்றையும் நான் முழுசாக நம்பினேன்.

இப்போது உங்கள் ரெசுமேக்கு வருவோம். உங்கள் நண்பன் பொய் எழுதியது ஒரு தப்பு. உங்களிடம் இருந்த நல்ல சரக்கை விட்டது இன்னொரு தப்பு. ஹேண்ட்லர் கிட் மாற்றுவது, சாக்கெட் பார்ப்பது, அதிகாலை மூன்று மணிக்கு எஞ்சினியரை எழுப்பாமல் லைனைத் திரும்ப ஓட வைப்பது — மூன்று வருடம் செய்திருக்கிறீர்களே, அதைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா? டெஸ்ட் எஞ்சினியர் தேடும் எனக்கு அதுதான் வேண்டும். ‘பைத்தான்: உயர்நிலை’ என்பதை வாரத்துக்கு இருபது தாளில் பார்க்கிறேன், கண் அதில் நிற்பதே இல்லை.

பினாங்குக்காரர்களுக்கு இதற்கு ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது: பசார் ஹொக்கியன், அதாவது சந்தையில் பேசும் அளவுக்கு மட்டும் தெரிந்த ஹொக்கியன் சீன மொழி. என்னிடம் ஒரு முறை இன்டர்வியூவில் மாண்டரின் தெரியுமா என்று கேட்டார்கள். ‘மாண்டரின் தெரியாது. பசார் ஹொக்கியன் தெரியும். ஆயர் ஈத்தாம் மார்க்கெட்டில் குய் லுய், அதாவது என்ன விலை, என்று கேட்டு, விலை குறைத்து, மீன் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். மீட்டிங்கில் பேச வராது’ என்றேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மூன்று பேரும் சிரித்தார்கள். ஆனால் என் ஹொக்கியன் எவ்வளவு தூரம் போகும் என்பதில் அவர்களுக்கு அதற்குமேல் ஒரு சந்தேகமும் இல்லை. உங்கள் பைத்தானும் அப்படித்தான் தம்பி, பசார் ஹொக்கியன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மீன் வாங்கிவிட்டீர்களே!

ஆகவே இப்படி எழுதுங்கள்: ‘ஹேண்ட்லர் அடைப்புப் பதிவுகளைப் படித்து நாள்வாரியாக எண்ணித் தரும் பைத்தான் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதினேன்.’ அதற்கு முன் எப்படி எண்ணினார்கள், கிளிப்போர்டில் பேனாவாலா? அதையும் எழுதுங்கள். இன்றைக்கும் லைனில் பயன்படுகிறது என்றால் அதையும் சொல்லுங்கள், பயன்படவில்லை என்றால் வேண்டாம். நான் அங்கே உட்கார்ந்திருந்தால் கேட்கப்போகும் கேள்வி இதுதான்: ராத்திரி ஷிஃப்ட் நள்ளிரவைத் தாண்டுகிறதே, பன்னிரண்டு மணிக்குப் பிறகு அடைத்துக்கொண்டதை உங்கள் ஸ்கிரிப்ட் எந்த நாளில் எண்ணுகிறது? நீங்களே எழுதியது என்றால் இதில் ஒரு தடவையாவது இடித்துக்கொண்டிருப்பீர்கள். இடித்ததைச் சொல்லுங்கள். இன்னும் சரிசெய்யவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள்.

டெஸ்ட் புரோகிராம் வரிக்கு: ‘எஞ்சினியரின் ஒப்புதலுடன் லிமிட் மாற்றங்களைச் செய்து பதிவு செய்தது.’ உருவாக்கம் என்ற சொல் வேண்டவே வேண்டாம். கிரீன் பெல்ட்: ‘பயிற்சி வகுப்பு முடித்தது, புராஜெக்ட் முடிக்கவில்லை.’ அவ்வளவுதான்.

அந்தச் செயலி விஷயம். என் அம்மாவின் கதை ஒன்று ஞாபகம் வருகிறது. 1972-இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப வட்டாரம் ஆரம்பித்து, வெளிநாட்டு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்த காலம். அம்மா ஆப்பரேட்டராகச் சேர்ந்தார். மைக்ரோஸ்கோப்பில் குனிந்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சிப்பில் ஒட்டும் வேலை. இன்டர்வியூ என்று பெரிதாக ஒன்றும் இல்லை, கண் பரிசோதனைதான் முக்கியம். அம்மாவின் தோழி ஒருத்திக்குப் பார்வை சரியில்லை. வரிசையில் முன்னால் நின்றவள் படித்த எழுத்துகளை அப்படியே மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டாள். வேலை கிடைத்தது. எட்டு மணி நேரம் மைக்ரோஸ்கோப், தினம் தலைவலி, கம்பி சரியாக ஒட்டவில்லை என்று சூப்பர்வைசரிடம் தினம் திட்டு. ஒரு மாதம் முடிவதற்குள் தானே நின்றுவிட்டாள். அம்மா இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார், கடைசியில் மட்டும் ‘பாவம்’ என்பார். உங்கள் நண்பனின் செயலியும் முன்னால் நிற்பவள் படிக்கும் எழுத்துதான்.

இந்தப் பக்கத்திலிருந்து பார்க்க அது எப்படி இருக்கும் என்பதையும் சொல்கிறேன். கேள்வி எளிதோ கடினமோ, பதிலுக்கு முன் ஒரே அளவு இடைவெளி. கேள்வியையே ஒரு தடவை திருப்பிச் சொல்வது. அப்புறம் செய்தி வாசிப்பது போல ஒரு முழுமையான பதில், முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று. கண்ணை மட்டும் வைத்து நான் முடிவு கட்டுவதில்லை. ஒரு பையன் ஓரமாகவே பார்த்துக்கொண்டிருந்தான் என்று சந்தேகப்பட்டு, கேமரா வேறு திரையில் இருந்தது தெரிந்து வெட்கப்பட்டிருக்கிறேன். அதனால் இப்போது வேறு மாதிரி கேட்கிறேன்: கடைசியாக எப்போது அது நடந்தது, அன்றைக்கு ஷிஃப்டில் யார் இருந்தார்கள், முதலில் எதைத் தப்பாக நினைத்தீர்கள்? செயலிக்கு உங்கள் ஷிஃப்டில் யார் இருந்தார்கள் என்று எப்படித் தெரியும்? அதுவும் ஏதாவது ஒன்றைக் கற்பனை செய்து கொடுக்கும், நீங்களும் வாசிப்பீர்கள். அதோடு, ஆன்லைனில் தேறியவர்களைக் கடைசியில் நேரில் கூப்பிடும் கம்பெனிகள் இங்கே நிறைய. அங்கே வெள்ளைப் பலகையும் மார்க்கர் பேனாவும்தான்.

ஏஐயே கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்கள் பிரிவிலேயே ஸ்கிரிப்ட் எழுத அதைத் தொட்டுக்கொள்கிறோம். இன்டர்வியூவிலோ, வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் பயிற்சியிலோ பயன்படுத்தலாமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பயன்படுத்தினால் எந்தப் பகுதி என்று சொல்லிவிடுங்கள். தயார் செய்யும்போது அது உங்களிடம் நூறு கேள்வி கேட்கட்டும், அதற்கு யாரும் தடை சொல்லமாட்டார்கள்.

சம்பளம். இதில் பொய் சொல்வது பயனே இல்லாத காரியம். பே ஸ்லிப்பும் இ.பி.எஃப். (தொழிலாளர் சேமநிதி) அறிக்கையும் கேட்பார்கள். மாதம் 5,000 வெள்ளி வரை சம்பளம் என்றால் முதலாளி கட்டுவது 13 சதவீதம். 2,800-க்கு 364 வெள்ளி. நீங்கள் சொன்ன 3,500-க்கு 455 இருக்க வேண்டும். அறிக்கையில் மாதா மாதம் 364, 364 என்று இருக்கும்போது எச்.ஆர். பெண்ணுக்கு மீதிக் கதை புரிந்துவிடும். ஆனால் உங்களுக்கு ஒரு நியாயம் இருக்கிறது: ஓ.டி. பணத்துக்கு இ.பி.எஃப். பிடிப்பதில்லை. கடைசி மூன்று மாத பே ஸ்லிப்பை எடுத்துப் பாருங்கள். ஓ.டி. சேர்த்து உண்மையிலேயே 3,500 அளவில் வந்திருந்தால், ‘அடிப்படை 2,800, ஓ.டி. சேர்த்துச் சராசரியாக இவ்வளவு’ என்று பிரித்துச் சொல்லுங்கள். எஞ்சினியர் ஆனால் ஓ.டி. இல்லாமலும் போகலாம், அதனால் இந்தக் கணக்கு உங்களுக்கும் வேண்டும். எதிர்பார்க்கும் சம்பளத்தைத் தைரியமாகக் கேளுங்கள். இப்போது வாங்குவதோடு அதைக் கட்டிப் போட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

இரண்டு மாத வேலை. ரெசுமே என்பது உங்கள் சுருக்கம், சின்ன வேலையை அதில் விட்டுவிடுவதைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கம்பெனியின் விண்ணப்பப் படிவம் வேறு. ‘இதுவரை செய்த எல்லா வேலையும்’ என்று கேட்டிருந்தால் எல்லாம்தான். அந்தப் படிவத்தின் அடியில், மேலே சொன்னது உண்மை, பொய் என்று தெரிந்தால் வேலையிலிருந்து நீக்கலாம் என்று ஒரு வரி இருக்கும், அதற்குக் கீழேதான் கையெழுத்து. நியாயமில்லாமல் நீக்கினால் 1967-ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவில் 60 நாளுக்குள் முறையிடலாம், அது உங்கள் உரிமை. ஆனால் அந்தக் கையெழுத்தோடு அங்கே போய் நின்றால் கை பலவீனமாக இருக்கும். ஏன் நின்றீர்கள் என்று கேட்டால் இரண்டு வாக்கியம் போதும். பழைய சூப்பர்வைசரைத் திட்ட வேண்டாம். இந்தத் தீவில் யார் யாரோடு வேலை பார்த்தார் என்று சொல்ல முடியாது. நீங்கள் திட்டுகிற ஆள் எனக்குப் பழைய கூட்டாளியாக இருப்பார்.

பழைய இடத்து ரகசியங்களும் அப்படித்தான். யீல்ட் எவ்வளவு, வாடிக்கையாளர் யார் என்று யாராவது கேட்டால், ‘அதைச் சொல்ல முடியாது, வேலை செய்த முறையைச் சொல்கிறேன்’ என்று சொல்லிவிடுங்கள். ஒருவர் திறமையைக் காட்டுவதற்காக முந்தைய கம்பெனியின் டெஸ்ட் புரோகிராமையே லேப்டாப்பில் திறந்து காட்டினார். நாங்கள் அதோடு இன்டர்வியூவை முடித்துக்கொண்டோம். நாளைக்கு எங்களுடையதையும் இன்னொரு மேசையில் திறப்பார் அல்லவா?

‘நம்மவர்கள் இரண்டு மடங்கு காட்ட வேண்டும்’ என்றீர்கள். இதற்குப் பதில் எழுதுவதைத் தள்ளிப் போட்டுக்கொண்டேதான் இவ்வளவு தூரம் வந்தேன். கதவு எல்லாருக்கும் ஒரே அகலம் என்று நான் சொல்லப்போவதில்லை. வேலைக்குத் தேவையே இல்லாத இடத்திலும் மாண்டரின் கேட்கும் விளம்பரங்களை நானும் பார்க்கிறேன். ஒரு பிரிவில் பல வருடம் நான் ஒருத்திதான் இந்தியப் பெண். பெயரைப் பார்த்தவுடன் ரெசுமே கீழே போகும் இடங்கள் இருக்கும், அதில் உங்கள் கோபம் நியாயம். ஆனால் அந்த மாதிரி இடத்தில் ‘பைத்தான்: உயர்நிலை’ கதவைத் திறக்காது. தகுதி பார்த்து எடுக்கும் இடத்திலோ அதே வரிதான் உங்களைக் கவிழ்க்கும். நீ மாட்டினால் அடுத்து வரும் நம் பையனுக்கும் கெட்ட பெயர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தச் சுமையை நான் உங்கள் தலையில் ஏற்றமாட்டேன். மற்றவர்கள் தங்களுக்காக மட்டும் இன்டர்வியூவுக்குப் போகும்போது நீங்கள் மட்டும் ஏன் ஒரு சமூகத்தையே தூக்கிக்கொண்டு போக வேண்டும்? இரண்டு மடங்கு தயார் செய்துவிட்டுப் போங்கள், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. நானும் அப்படித்தான் போனேன், களைப்பாகத்தான் இருந்தது.

நேர்மை அவர்களுக்கும் வேண்டும். எஞ்சினியர் என்று பெயர் கொடுத்துவிட்டுப் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டில் டெக்னீஷியன் வேலையே வாங்கும் இடங்கள் உண்டு. இந்த இடம் ஏன் காலியானது, முன்பு இருந்தவர் இப்போது எங்கே, ராத்திரி போன் வந்தால் யார் எடுப்பது, புதியவருக்கு யார் சொல்லிக் கொடுப்பார் என்று நீங்களும் கேளுங்கள். பதிலில் மழுப்பல் தெரிந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

டெஸ்ட் எஞ்சினியர் இடத்துக்கு நீங்கள் இன்னும் போதாது என்று அவர்கள் நினைத்தால், துணை எஞ்சினியர் அல்லது சீனியர் டெக்னீஷியன் இடம் இருக்கிறதா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். அந்த வழியாக ஏறி வந்தவர்கள் எங்கள் பிரிவிலேயே இருக்கிறார்கள். 1989-இல் தொடங்கிய பினாங்கு திறன் மேம்பாட்டு மையம் பாயான் லெப்பாஸிலேயே இருக்கிறது, அங்கே என்ன பயிற்சி நடக்கிறது என்று போய் விசாரியுங்கள்.

மெயில் இவ்வளவு போதும், இங்கிலீஷில் எழுதிக்கொள்ளுங்கள்: ‘முன்பு அனுப்பிய ரெசுமேயில் என் பைத்தான், டெஸ்ட் புரோகிராம் அனுபவமும் கிரீன் பெல்ட் நிலையும் மிகைப்படுத்தி எழுதப்பட்டிருந்தன. போனிலும் அதையே சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். திருத்திய ரெசுமேயை இணைத்துள்ளேன். நான் சொன்ன 3,500 வெள்ளி ஓ.டி. சேர்த்த தொகை, அடிப்படை 2,800. இதைப் பார்த்த பிறகும் வியாழக்கிழமை இன்டர்வியூவைத் தொடர விரும்பினால் தயாராக இருக்கிறேன்.’ நண்பன் எழுதினான் என்று போடாதீர்கள், அனுப்பியது நீங்கள்தான். மன்னிப்பு ஒரு முறை போதும், பத்தி பத்தியாக வேண்டாம். திருத்திய ரெசுமேயை நண்பனிடம் சரிபார்க்கவும் கொடுக்காதீர்கள்.

புதன் காலை வரை பதில் வரவில்லை என்றால் எச்.ஆருக்கு ஒரு போன் போட்டு, மெயில் கிடைத்ததா என்று மட்டும் கேளுங்கள். பத்து மணிக்கு மேல் போடுங்கள், அதற்கு முன் மீட்டிங்கில் இருப்பார்கள்.